யாருக்காக உலை வைப்பது? போருக்குப் பிந்திய வன்னியில் வளர்ந்தோரின் மனச்சோர்வும் உணவின் தரமும்

சுருக்கம்

உணவின் தரம் தாழ்ந்தால் மனச்சோர்வு கூடுகிறது. மனச்சோர்வு கூடினால் உணவின் தரம் மேலும் தாழ்கிறது. இந்த இருவழி உறவை உலக ஆய்வுகள் பெரும்பாலும் தனிமனிதரின் உணவுத் தெரிவாகவே அளந்து வந்துள்ளன. இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் 2009இல் போர் முடிந்த பின் அமைந்த வாழ்க்கைச் சூழலில் இந்த உறவை அளப்பதற்கும் சீர்செய்வதற்கும் தனியாளின் தட்டைவிட வீட்டின் அடுப்பே பொருத்தமான அலகு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. யார் சமைக்கிறார், யாருக்காகச் சமைக்கிறார், எந்தக் காசில் சமைக்கிறார், யாரோடு உண்கிறார் என்ற நான்கு கேள்விகளையும் விட்டுவிட்டுச் சத்துணவு அறிவுரை வழங்குவது பயன் தராது. இதற்கேற்ற சில நடைமுறை முன்மொழிவுகள் இறுதியில் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, உணவின் தரம், வன்னி, நுண்கடன், காணாமல் ஆக்கப்பட்டோர், கூடி உண்ணல்

1. ஆய்வுச் சிக்கல்

வன்னியில் உளநலச் சிகிச்சை நாடி வரும் ஒருவர் மருந்தோடு வீடு திரும்புகிறார். மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும்படி சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சாப்பாடு என்ன, அது வீட்டில் இருக்கிறதா என்பது சிகிச்சைப் பதிவில் இடம்பெறுவது அரிது. மறுபுறம், போசாக்குச் சேவைகள் கர்ப்பிணித் தாய்மாரையும் பாலூட்டும் தாய்மாரையும் சிறு குழந்தைகளையும் மையமாகக் கொண்டவை. திரிபோஷா என்ற சத்துமாப் பொதி அவர்களுக்குரியது. பிள்ளையை இழந்த ஐம்பது வயதுத் தாய்க்கு உரியதல்ல. உளநலச் சேவை மனதைப் பார்க்கிறது, போசாக்குச் சேவை குழந்தையின் நிறையைப் பார்க்கிறது. வளர்ந்த ஒருவர் என்ன உண்கிறார் என்ற கேள்வி இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது.

போர் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,448 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்ததாகக் காட்டியது. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தோரிடம், ஊரில் நிலைத்திருந்தோரை விட, இவ்வறிகுறிகள் மிகக் கூடுதலாகக் காணப்பட்டன. வன்னி மக்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரு தடவையேனும் இடம்பெயர்ந்தவர்கள். பலர் பல தடவை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி பற்றி வெளியிட்ட ஆய்வு, இங்கு நிகழ்ந்ததை ஆள் ஆளாகப் பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது என்றும், குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்ட கூட்டு நெருக்கீடாகவே அதைக் காணவேண்டும் என்றும் வற்புறுத்தியது. உளக்காயம் பற்றி அவர் சொன்னது உணவுக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

2. உலக ஆய்வுகள் நிறுவியவையும் நிறுவாதவையும்

உணவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய சான்றுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேகமாகக் குவிந்துள்ளன. பிரித்தானிய அரச ஊழியர்களைத் தொடர்ந்து அவதானித்த வைட்ஹோல் ஆய்வின் 2009ஆம் ஆண்டு முடிவுகள், இனிப்பு, பொரியல், பதப்படுத்திய இறைச்சி, வெள்ளை மா ஆகியவை மிகுந்த உணவுமுறையினரிடம் ஐந்தாண்டுகளுக்குப் பின் மனச்சோர்வு கூடியிருந்ததைக் காட்டின. மரக்கறி, பருப்பு, மீன், பழம், முழுத்தானியம் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவுமுறையை நெருங்கிப் பின்பற்றுவோரிடம் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என 2018இல் வெளியான லசால் குழுவினரின் தொகுப்பாய்வு கூறியது.

இவை அவதானிப்புகள், காரணத்தை நிறுவுபவை அல்ல. சிகிச்சைப் பரிசோதனை என்ற வகையில் முதன்மையானது, அவுஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017இல் வெளியான ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வு. மனச்சோர்வும் தரம் குறைந்த உணவுப் பழக்கமும் கொண்ட 67 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 12 வாரங்கள் உணவு ஆலோசனை; மற்றக் குழுவுக்கு அதேயளவு நேரம் நட்புரையாடல். முடிவில் உணவுக் குழுவில் 32.3 வீதமானோரும் உரையாடற் குழுவில் 8 வீதமானோரும் மனச்சோர்விலிருந்து மீண்ட நிலையை எட்டினர். சிறிய ஆய்வு; தமக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பதும் பங்குபற்றியோருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் புறந்தள்ள முடியாத முடிவு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 2019இல் வெளியான ‘மூட்ஃபூட்’ ஆய்வு. நான்கு ஐரோப்பிய நாடுகளில், அளவுக்கு மிஞ்சிய உடல் நிறையும் இலேசான மனச்சோர்வு அறிகுறிகளும் கொண்ட 1,025 பேரிடம் அது நடத்தப்பட்டது. ஒமேகா-3, ஃபோலிக் அமிலம், செலீனியம், விற்றமின் டி ஆகியவை அடங்கிய நாளாந்த மாத்திரைகள் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. உணவு நடத்தையை மாற்றும் ஆலோசனையும் ஒட்டுமொத்தத்தில் தெளிவான பயனைக் காட்டவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து மாத்திரையாகக் கொடுப்பதால் கிடைக்காத ஏதோ ஒன்று முழு உணவில் இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. உயிரியல் விளக்கங்கள் பல: உடலின் தாழ்நிலை அழற்சி, குடல் நுண்ணுயிர்களின் சமநிலை, நரம்புக் கடத்திகள் உருவாவதற்கு வேண்டிய ஃபோலேற், பி12, இரும்பு போன்றவற்றின் பற்றாக்குறை. இவை வன்னிக்கும் பொருந்தும். உடல் எங்கும் உடல்தான். ஆனால் ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வின் அமைப்பில் ஒரு முன்முடிவு இருக்கிறது. உணவை ஒரு குழுவுக்கும் துணையை மற்றக் குழுவுக்கும் கொடுத்து, எது பலன் தருகிறது என்று அது பார்த்தது. தனியே கடைக்குப் போய்த் தனக்கு வேண்டியதை வாங்கித் தானே சமைத்து உண்ணும் ஒருவரிடம் உணவையும் துணையையும் இப்படிப் பிரிக்கலாம். வன்னி வீட்டில் அது இயலாது. இங்கே உணவின் தரம் துணையோடு பிணைந்தே உயர்கிறது, தாழ்கிறது.

3. வன்னியின் உணவுத்தளம்

வன்னி உணவு வளம் குன்றிய நிலமல்ல. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் முதலிய குளங்களின் கீழ் நெல் விளைகிறது. குளங்களில் விராலும் திலாப்பியாவும், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் களப்புகளில் இறாலும் நண்டும் மீனும் கிடைக்கின்றன. மேட்டுநிலத்தில் குரக்கன், சாமை, உழுந்து, பயறு, கச்சான். வேலியில் முருங்கையும் முசுட்டையும், ஈரநிலத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். காட்டில் பாலைப்பழம், வீரைப்பழம், தேன். மத்தியதரைக் கடல் உணவுமுறையின் கூறுகள் என்று ஆய்வாளர் பட்டியலிடும் பருப்பு, மீன், கீரை, பழம், தீட்டாத தானியம் ஆகிய அனைத்துக்கும் இங்கே ஊர்ப்பெயர் உண்டு. ஒலிவ் எண்ணெய் தேடிப் போகவேண்டிய அவசியமில்லை.

இந்த உணவுத்தளம் படிப்படியாக அறுக்கப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடை எரிபொருளையும் உரத்தையும் கட்டுப்படுத்தியது. 2008 முதல் கிழக்கு நோக்கி நகர்ந்த இடப்பெயர்வில் மாடும் கோழியும் விதைநெல்லும் வழியிலேயே விடப்பட்டன. போரின் இறுதி மாதங்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியே பலரது உயிரைப் பிடித்து வைத்தது. பின்னர் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். பெரும்பாலானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில். அங்கே அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்ற நிவாரணப் பங்கீடே உணவானது. முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறியவர்களோடு அந்தப் பங்கீட்டின் உணவுப் பழக்கமும் ஊருக்கு வந்தது. வெறுங்காணியில் தகரக் கொட்டகை போட்டவருக்கு முருங்கை காய்க்கவும் கோழி முட்டையிடவும் காலம் வேண்டும். மாவும் சீனியும் அன்றைக்கே கடையில் கிடைக்கும்.

அதன்பின் வந்த நெருக்கடிகள் இந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்தின. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருக்க, முல்லைத்தீவில் அது 44.5 ஆக, நாட்டிலேயே மிக உயர்ந்ததாக இருந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நெல் விளைச்சல் விழுந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு ஐ.நா. உணவு நிறுவனங்களின் மதிப்பீட்டில் நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பற்றோர்.

4. ஒரு நாளின் தட்டு

மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், தனித்து வாழும் நடுவயதுப் பெண் ஒருவரின் வழமையான ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் சீனி கூடிய பிளேன்ரீ. கூலிவேலைக்குப் போகும் வழியில் கடையில் ஒரு பணிஸ் அல்லது கால் றாத்தல் பாண். மதியம் வெள்ளை அரிசிச் சோறும் பருப்பும் பச்சை மிளகாயும். பின்னேரம் மீண்டும் பிளேன்ரீ. இரவு மிஞ்சிய சோறு. மிஞ்சாவிட்டால் பிஸ்கற்றும் தேநீரும்.

பெண்களின் உணவுப் பன்மையை அளக்க உணவு விவசாய நிறுவனம் பயன்படுத்தும் அளவுகோல் உணவைப் பத்துக் கூட்டங்களாகப் பிரிக்கிறது. ஐந்தையாவது தொட்டிருக்க வேண்டும். பாணும் சோறும் அதில் ஒரே கூட்டம். பருப்பு இரண்டாவது. சீனிக்கும் இனிப்புப் பிஸ்கற்றுக்கும் தேநீருக்கும் இடமே இல்லை. மூன்று வேளை உண்டும் எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை. ஒரு பிடி முருங்கையிலை வறையும், ஒரு துண்டு மீன் அல்லது கருவாடும், ஒரு கீற்றுப் பப்பாசிப்பழமும் சேர்ந்தால் எண்ணிக்கை ஐந்தாகிவிடும். அளவுகோல் தனியாளை மதிப்பிடுவதற்கன்றிச் சமூகத்தை மதிப்பிடுவதற்கே உருவானது என்றாலும், இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது.

முருங்கை வளவில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஏன் உருவவில்லை? இதற்குச் சத்துணவு வகுப்பில் பதில் கிடையாது. முருங்கையிலை நல்லது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வன்னியில் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று: “எனக்கு மட்டும் உலை வைச்சு என்ன செய்யிறது?” இலையை உருவி, ஆய்ந்து, தேங்காய் துருவி, வறுத்து எடுப்பது ஒருவருக்காகச் செய்யும் வேலை. அந்த ஒருவர் இல்லாத வீட்டில் வேலை மட்டும் மிஞ்சுகிறது. மனச்சோர்வு முதலில் பறிப்பது இத்தகைய முயற்சியைத்தான். பசி குறைவதும் உற்சாகம் இழப்பதும் நோயின் அறிகுறிகள்; தரம் தாழ்ந்த உணவு உடலைத் தளர்த்த, தளர்ந்த உடல் மறுநாள் அடுப்பை இன்னும் தூரமாக்குகிறது.

5. அடுப்பு அணையும் மூன்று வழிகள்

5.1 முடிவுறாத இழப்பு. நம் சமூகத்தில் துயரம் உணவு வழியாக ஒழுங்குபடுத்தப்படுகிறது. செத்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை; அயலவர் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். எட்டுச்செலவில் இறந்தவருக்குப் பிடித்தவை படைக்கப்படுகின்றன. அந்தியேட்டி முடிந்து உறவினரும் அயலவரும் பந்தியில் உண்டு எழும்போது, குடும்பம் மீண்டும் சமைக்கவும் உண்ணவும் அனுமதி பெறுகிறது. ஆண்டுத் திவசமும் ஆடி அமாவாசையும் சித்திராப் பௌர்ணமியும் அந்த நினைவுக்கு ஒரு நாளும் ஓர் இலையும் ஒதுக்கித் தருகின்றன. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றும் இயலாது. படைத்தால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். படைக்காவிட்டால் துயரத்துக்கு எல்லையே இல்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அடுத்த மாதத்திலிருந்து முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் அமர்ந்து தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுவரும் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோயினர். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என்று விளக்கிய நிலை, வன்னியில் அடுப்படியில் வந்து நிற்கிறது. அந்தத் தாய்மாருக்கு உரிய பதிலைக் கொடுப்பது நீதியின் கடமை. உளநலத்தின் தேவையும் கூட.

5.2 கட்டுக்காசு. போருக்குப் பின் வன்னிக்குள் நுழைந்த நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தன. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவே பொறுப்பு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, 40 முதல் 220 வீதம் வரையான வட்டி அறவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வீட்டுச் செலவில் வெட்டக்கூடியது உணவு ஒன்றே. கட்டுக்காசு நாள் நெருங்க மீன் நிற்கிறது, பிறகு மரக்கறி நிற்கிறது. கோழி இட்ட முட்டை கடைக்குப் போகிறது. கடனின் அவமானமும் பயமும் நித்திரையைக் கெடுக்கின்றன. உணவின் தரத்தையும் மனநிலையையும் ஒரே கயிறு ஒரே நாளில் இழுக்கிறது. இங்கே எது காரணம், எது விளைவு என்று தேடுவதை விட அந்தக் கயிற்றை அறுப்பதே அறிவுடைமை.

5.3 காணியும் கரையும். வீட்டுத்தோட்டத்துக்கு வளவு வேண்டும், மீனுக்குக் கரை வேண்டும். கேப்பாப்புலவு மக்கள் 2017இல் படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டுத் தொடர்போராட்டம் நடத்தியபோது கேட்டது வெறும் மண்ணை அல்ல; நந்திக்கடலில் வலைவீசவும் தென்னையில் தேங்காய் பறிக்கவும் இருந்த வழியை. சொந்த வளவில் விளைந்ததை அயலுக்குக் கொடுத்து வாங்கும் பழக்கம் அற்றுப்போனால், வறிய வீட்டின் உணவுப் பன்மையும் அயலோடு நாளாந்தம் பேசும் தருணமும் சேர்ந்தே போகின்றன.

6. எதிர்வாதங்கள்

முதலாவது: இவையெல்லாம் வறுமையின் விளைவுகள், உணவும் மனச்சோர்வும் அதன் இரு நிழல்கள் மட்டுமே. வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில், பேரப்பிள்ளைக்குச் சமைக்கும் பாட்டியின் தட்டும் தனித்திருக்கும் பாட்டியின் தட்டும் ஒன்றாக இருப்பதில்லை. வருமானம் எல்லையை வகுக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதை உறவு தீர்மானிக்கிறது. ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வில் பரிந்துரைத்த உணவு, பங்குபற்றியோர் முன்பு செலவிட்டதை விட மலிவானதாக இருந்தது. வன்னியில் மலிவான கலோரி மாவும் சீனியும் வெள்ளை அரிசியுமே. ஆகவே அறிவுரை மட்டும் போதாது என்பதை இந்த எதிர்வாதம் வலுப்படுத்துகிறதே ஒழிய, உணவைக் கைவிடச் சொல்லவில்லை.

இரண்டாவது: இது பழமையைப் போற்றும் ஏக்கம். இந்த எதிர்வாதத்தில் உண்மையுண்டு. பழைய வன்னியில் மலேரியாவும் பஞ்சமும் இருந்தன. பெண்களின் முதுகு ஒடிந்தே குரக்கன் மாவானது. குரக்கனுக்குத் திரும்புங்கள் என்று கட்டளையிடுவது, ஏற்கெனவே சோர்ந்த பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும். சமையல் பெண்ணின் கடமை என்ற எண்ணத்தை அசைக்காமல் உணவின் தரத்தைப் பேசுவது அநீதி. மனைவியை இழந்த ஆண்கள் சமைக்கத் தெரியாமல் கடைச் சாப்பாட்டிலும் கசிப்பிலும் காலம் தள்ளுவதும் இதே எண்ணத்தின் மறுபக்கம்.

மூன்றாவது: உணவைப் பேசினால் மருந்தைக் கைவிடுவார்கள். இந்த அச்சம் நியாயமானது. நடுத்தர, கடும் மனச்சோர்வுக்கு மருந்தும் உளவளத்துணையும் இன்றியமையாதவை. தற்கொலை எண்ணமுள்ளவரைக் கஞ்சியால் காப்பாற்ற முடியாது. உணவு சிகிச்சைக்குத் துணை நிற்பது.

7. முன்மொழிவுகள்

ஒன்று, உளநலச் சிகிச்சை நிலையங்களில் மூன்று கேள்விகள் வழமையாகவேண்டும்: நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது, யாரோடு சாப்பிட்டீர்கள். இரண்டு நிமிட வேலை. பசியின்மையையும் உணவின்மையையும் வேறுபடுத்தி அறிய இதைவிட எளிய வழியில்லை. 35 வயதைத் தாண்டியோருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் பார்க்கும் நிலையங்களில் மனச்சோர்வுக்கான குறுவினாக்கொத்தையும் சேர்க்கலாம்.

இரண்டு, கூடிச் சமைத்து உண்ணும் இடங்களை உருவாக்கவேண்டும். இதற்கு முன்மாதிரி கையருகே இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களம் தொடக்கிய அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் குழுவாக நின்று இலைக்கஞ்சியும் குரக்கன் புட்டும் கூழும் ஆக்கி விற்கிறார்கள். அங்கே சமைப்பவருக்கு வருமானம், உடன் வேலை செய்வோரின் பேச்சுத்துணை, உண்பவருக்கு மலிவான நல்ல உணவு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேருகின்றன. இதன் சிறுவடிவத்தை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கிராமந்தோறும் கிழமைக்கு ஒருசில நாள் நடத்தலாம். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலில் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைக்கத் தெரிந்த சமூகம் இது. தெரியாத வேலை எதையும் கேட்கவில்லை. சமையலில் ஆண்களும் சேரவேண்டும் என்பதை விதியாக்குவது நலம்.

மூன்று, உணவு உதவி கட்டுக்காசு நாளையும் அறுவடைக்கு முந்திய மாதங்களையும் கணக்கிட்டு வழங்கப்படவேண்டும். பொதியில் முட்டை, கருவாடு, பயறு சேரவேண்டும். மாவும் சீனியும் குறையவேண்டும். கொடுமையான வட்டிக்குச் சட்ட வரம்பிடுவதும் காணி விடுவிப்பும் இந்த மாவட்டங்களில் உளநல நடவடிக்கைகளே.

நான்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து வன்னிக்குரிய ஆய்வொன்றை வடிவமைக்கவேண்டும். ஆய்வு அலகு கிராம அலுவலர் பிரிவாக இருக்கட்டும். சில பிரிவுகளில் உணவுப் பொதி மட்டும், சிலவற்றில் கூடிச் சமைக்கும் ஏற்பாட்டோடு அதே பெறுமதியான உணவு, சிலவற்றில் வழமையான சேவை. மனச்சோர்வும் உணவுப் பன்மையும் தொடக்கத்திலும் ஓராண்டின் பின்னும் அளக்கப்படட்டும். ஒப்பீட்டுப் பிரிவுகளுக்கும் அதன்பின் அதே உதவி உறுதி செய்யப்படட்டும். கூடி உண்பது உணவின் பயனைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வின் அமைப்பில் இடமிருக்கவில்லை. வன்னி அதற்குப் பதில் தரமுடியும். பொதி மட்டுமே பெற்ற பிரிவுகளும் அதேயளவு தேறினால் இக்கட்டுரையின் வாதம் தோற்றது என்று கொள்ளலாம்.

8. முடிவுரை

வளர்ந்தோரின் மனச்சோர்வும் உணவின் தரமும் தொடர்புடையவை என்பது இன்று நிறுவப்பட்ட செய்தி. வன்னி அதற்குச் சேர்ப்பது ஒரு திருத்தம்: தெரிவு செய்யும் வசதி பறிக்கப்பட்ட இடத்தில், உணவின் தரம் என்பது ஒருவரின் பழக்கத்தை மட்டுமன்றி அவருக்கு எஞ்சியிருக்கும் உறவையும் காணியையும் காசையும் சேர்த்தே காட்டுகிறது. அவற்றை மீட்காமல் நல்லுணவு உண்ணுங்கள் என்று சொல்வது, பாதிக்கப்பட்டவரிடமே பழியையும் ஒப்படைப்பதாகும். ஒரு சமூகத்தை அழிவிலிருந்து மீட்கும் பணி வீடுகளும் வீதிகளும் கட்டுவதோடு நிறைவுறாது. தனித்துப்போன ஒருவருக்குச் சமைக்கக் காரணமும் பகிர்ந்துண்ண ஆளும் கிடைக்கும்படி செய்வதையும் பொதுச் சுகாதாரத்தின் கடமையாக ஏற்று, அதற்கு ஆளணியும் நிதியும் ஒதுக்கவேண்டும்.